கன்றுகளுக்குக் கூண்டும் வேண்டும்

ஐயா,

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியதிலிருந்து சாலையோரங்களில் மரக்கன்றுகள் ஊக்கத்துடன் நடப்படுவது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் எங்கள் ஊரில் சென்ற ஆடி மாதம் நட்ட அரசமர, பூவரசுக் கன்றுகளுள் பல, தை பிறப்பதற்குள் ஆடுகளுக்கு இரையாகிவிட்டன. நுனிக்குருத்தைக் கடித்துவிட்டால், கன்று பிழைத்தாலும் நேராக உயராமல் புதர்போல் படர்ந்துவிடுகிறது. வெள்ளாடு பின்னங்கால்களை ஊன்றி எழுந்து மேய்வதால் மூன்றடி வலை போதாது. ஐந்தடிக்குக் குறையாத கம்பிவலைக் கூண்டை, மாடு உரசினாலும் சாயாதபடி உறுதியான கழிகளில் கட்டி நிறுத்த வேண்டும். தண்டு பருத்த பின்னும் அகற்றாத கூண்டின் கம்பி பட்டையை அறுத்துப் புதைந்துகிடக்கும் வேப்பமரங்களைப் பார்க்கவே மனம் வலிக்கிறது. ஆகவே, கன்றுக்கு ஒதுக்கும்போதே கூண்டுக்கும், பின்னர் அதைக் கழற்றும் வேலைக்கும் உள்ளாட்சி அமைப்புகள் நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
விழுப்புரம் மாவட்டம்.