தரங்கம்பாடிக்கு எந்தச் சாலை? டயரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் போய்வருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் பார்த்தேன். நானாகத் தேடிப் பார்க்கவில்லை. கும்பகோணத்து இளைஞர்கள் இருவர் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் கடையில் போட்டார்கள். மயிலாடுதுறையில் 31 ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்க்கிறேன். கட்டுரை சொன்னபடியே செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போனவர்கள், திரும்பும்போது இரண்டு சைக்கிளையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

ஒரே டயரிலிருந்து ஐந்து கம்பித் துணுக்குகளை எடுத்தேன். ஒவ்வொன்றும் இமைமயிர் அளவுதான். வெடித்த லாரி டயர்களின் மிச்சம் அவை. பெரிய வண்டிகளின் வேகம் அவற்றைத் தள்ளித் தள்ளிச் சாலையோரத்தில் சேர்த்துவிடும். சைக்கிள்காரன் ஒதுங்கிப் போவதும் அந்த ஓரத்தில்தானே. ட்யூபை மாற்றினாலும் பயனில்லை. டயருக்குள் ஒளிந்திருந்து அரை மணி நேரத்தில் மறுபடி குத்தும். விரலால் தடவித் தேடாதீர்கள், விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் தேய்த்து வாருங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி இருக்கிறது.

செம்பனார்கோயில் வரை அந்தச் சாலையில் எனக்குக் குறை இல்லை. ஆக்கூரில் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியபின்தான் தொல்லை. முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கார்களுக்கு நடுவே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கோயிலைப் பார்க்க விரும்புபவர்கள் இன்னொரு நாள் பஸ்ஸில் போகட்டும்.

நான் சொல்லும் வழி, மயிலாடுதுறையிலிருந்து தெற்கே மங்கைநல்லூர், அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சங்கரன்பந்தல், பொறையாறு. இதை எனக்குக் காட்டியவர் அப்பா. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926இல் போட்ட ரயில் பாதை அப்போது இருந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். அப்பா சைக்கிளோடு ரயில் ஏறித் தரங்கம்பாடி போவார். கருவாட்டுக் கூடையைக் கேரியரில் கட்டி, என்னை முன்னால் பாரில் உட்காரவைத்து, ஊர் ஊராக விற்றபடி இந்த வழியாகத்தான் மிதித்து வருவார். ‘பெரிய ரோட்டில் போகிறவன் எவனும் நின்று கருவாடு வாங்க மாட்டான்’ என்பார். தில்லையாடிக்கும் சில நாள் சுற்றிக்கொண்டு போவோம். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. அடுத்த ஆண்டே காந்தி அங்கே வந்திருக்கிறார். எனக்கு அந்த வயதில் அங்கே கிடைத்த நீர்மோர்தான் முக்கியம்.

இந்த வழியில் முள்ளே இல்லை என்று சொல்லமாட்டேன். வாய்க்கால் ஓரங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆனால் கருவேல முள் நாணயமானது. குத்தினால் உடனே காற்று இறங்கும், கையால் பிடுங்கலாம், தண்ணீரில் அழுத்தினால் ஒரே இடத்தில் குமிழி வரும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது, ஆகவே விளக்கு வேண்டும். நெல்லின் மேல் ஏற்றினால் வழுக்கும். வழுக்காவிட்டாலும் திட்டு நிச்சயம்.

கட்டுரையாளர் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சமவெளியில் மேடு பள்ளம் எல்லாம் காற்றுதான். ஆனி, ஆடியில் காலை மேல்காற்று முதுகில் கைவைத்துக் கடல்பக்கம் தள்ளிவிடும். மறுநாள் காலையிலேயே திரும்பப் பார்த்தால் அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். பிற்பகலில் கடற்காற்று எழும்வரை காத்திருங்கள். தையில் வெயில் ஏற ஏறக் கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். விடியுமுன் கிளம்பினால்தான் பொறையாறு வரை நிம்மதி.

பூம்புகார் போய் அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே வரலாம் என்றும் கட்டுரை சொல்கிறது. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆசைப்படுபவர்கள் போகலாம்.

தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் மிதித்தபடியே நுழைவது ஒரு சுகம். ராஜா தெரு நேரே கோட்டைக்கும் கடலுக்கும் கொண்டுபோய் விடும். இரவு தங்குபவர்கள் சைக்கிளைக் கடலைப் பார்த்து நிறுத்தாமல் உள்ளே வையுங்கள். உப்புக்காற்று பட்ட செயினை மறுநாள் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் விடாமல் வருபவர்களை, மயிலாடுதுறைக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த ஐந்து கம்பிகளையும் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்ப நினைத்தேன். உறையைப் பிரிப்பவர் விரலில் குத்தும் என்று மனைவி தடுத்துவிட்டாள். கடையில் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். அவர் சைக்கிளுக்குக் காற்றும் இலவசமாக அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரன்,
மயிலாடுதுறை.