பிரான்சில் கஸோ விமானத்தளத்தில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே அறிய ஆவலாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. அம்மா அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாளில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

மார்ச் பிறந்துவிட்டது. பைன் மரத்து மகரந்தம் பறக்க ஆரம்பித்திருக்கும். கார், சன்னல், வெளியே காயப்போட்ட துணி, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூள் கொட்டிக் கிடக்குமே! எங்கள் காலத்தில் அந்த மாதம் முழுவதும் காலையில் முதல் வேலை விமானியறைக் கண்ணாடியைத் துடைப்பதுதான். எங்கள் இரட்டை இருக்கை ஸ்கைஹாக் போர்விமானத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, பின்னால் ஒரு கூண்டு, அதனால் இரட்டை வேலை. அமெரிக்கர்களின் ஸ்கைஹாக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளக் கண்ணாடி. நம் சிங்கப்பூர் விமானப்படையுடையது மட்டும் ஒட்டகத்துக்கு இரண்டு திமில் வைத்ததுபோல் இருக்கும். அமெரிக்கக் கடற்படை ஓட்டிக் கழித்த உடலை வாங்கிப் புதுப்பித்து, பிறகு எஞ்சினையும் மாற்றி, 2012 வரை அங்கே பறக்கவிட்டோம். உன் எம்-346 பயிற்சி விமானம் இரண்டு எஞ்சின், எல்லாம் திரை, எல்லாம் கணினி. இருந்தாலும் எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிப்பது கண்ணும் விரலும்தான். அதை மறந்துவிடாதே.

மறக்கமாட்டாய், தெரியும். நீ வேலையில் சுத்தம். அதை நான் தேக்காவில் காப்பிக் கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. என் பழைய சகா ஒருவர் சொன்னார், "உன் மகன் கையெழுத்துப் போட்டால் விமானி திரும்பிக் கேட்பதில்லையாமே" என்று. எனக்கு அன்று காப்பி இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. ஆஸ்திரேலியாவில் பியர்ஸ் தளத்தில் சிறகுச் சின்னம் வாங்கிக்கொண்டு வருகிற பையன்கள், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. அடுத்து எஃப்-15, எஃப்-16 என்று போகவேண்டியவர்கள். அவர்கள் உன் கையெழுத்தை நம்பி ஏறி உட்காருகிறார்கள்.

வேலைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கிறாய் அல்லவா? ஏணியில் இருந்து குதிக்கும்போது விளிம்பில் மாட்டினால் விரலின் தோல் அப்படியே உரிந்து வந்துவிடும். தெங்கா விமானத்தளத்தில் ஒருவருக்கு நடந்ததை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். கழற்றி வை. வேலை முடிந்ததும் மறக்காமல் போட்டுக்கொள்.

கார் டயரை மாற்றினாயா? இரவில் பிஸ்கரோஸ் சாலையில் ஓட்டாதே. காட்டுப்பன்றி குறுக்கே வரும், ஒன்று வந்தால் பின்னாலேயே நான்கு வரும். காடு எரிந்த பிறகு அவை எங்கே போயினவோ என்னவோ. 2022 ஜூலையில் அந்தத் தீயைச் செய்தியில் பார்த்துக்கொண்டு நான் இரவெல்லாம் தூங்கவில்லை. நீ அப்போது இங்கே பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய், இருந்தும் தூக்கம் வரவில்லை. பிலா மணல்மேட்டின் அடிவாரத்தில் கூடாரம் போடும் இடங்களெல்லாம் போய்விட்டன என்றார்கள். நீ போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய படத்தில் கருகிய அடிமரங்கள் வரிசையாக நின்றன. அந்தக் காட்டில்தான் நான் 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகினேன். உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் ஓட்டம் ஞாபகம் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். நிழலான மணல் பாதை, பைன் ஊசி மெத்தைபோல் கிடக்கும். பிசின் வடிக்க ஒரு காலத்தில் கட்டிவிட்ட மண் குவளை ஒன்று ஒரு மரத்தில் அப்படியே இருந்தது. நான் திரும்பும் இடத்துக்கு அதுதான் அடையாளம். உனக்கு இப்போது அந்தத் தூரம் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது? முப்பது வயதுக்கு மேல் தொப்பை கேட்காமலே வரும்.

ஏரிக்கரையில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. யாரோ குழுவில் போட்டதை உன் அத்தை மகன் எனக்கு அனுப்பினான். நீ அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோழி சுடுகிறீர்கள், கையில் இடுக்கி, நன்றாகச் சிரிக்கிறாய். அந்த ஏரிக்கரையில் நாங்களும் அதே வேலைதான் செய்தோம். சீனப் பெருநாளுக்கு ஒரு முறை, நோன்புப் பெருநாளுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு என் தலைமையில் ஒரு முறை. தேங்காய்ப் பால் கிடைக்காமல் போர்தோ வரை அறுபது கிலோமீட்டர் காரில் போய் வாங்கி வந்து கறி சமைத்தோம். அர்காஷோன் சிப்பியை மட்டும் கடைசி வரை நான் வாயில் வைக்கவில்லை. உயிரோடு இருப்பதை எலுமிச்சம்பழம் பிழிந்து விழுங்குவது என்ன சாப்பாடு? நீ சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சரி.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, அதனால் பெரிதாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை விமானப் பக்கம் வேலை இல்லையே. அதுதான் மோதிரத்தைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். கழற்றிய இடத்தில் மறந்துவிடக்கூடாது. தங்கம் விற்கிற விலையில்.

அம்மாவின் கண் அறுவை நன்றாக முடிந்தது. நீ அனுப்பிய பணம் வந்தது. வந்தது என்று அவளிடம் சொன்னேன். "போன் பண்ணினானா?" என்று கேட்டாள். பணம் வந்தது என்று மறுபடியும் சொன்னேன்.

மருமகள் ஞாயிறுதோறும் பாப்பாவை அழைத்து வருகிறாள். பொங்கோலில் இருந்து இரண்டு ரயில் மாறி வரவேண்டும், ஒரு வாரம்கூடத் தவறவில்லை. காப்பி குடிக்கிறாள், குடித்த கோப்பையைத் தானே கழுவி வைக்கிறாள். அம்மா உன்னைப் பற்றிக் கேட்டால், "நன்றாகத்தான் இருக்கிறார், அத்தை" என்கிறாள். அவ்வளவுதான். பாப்பாவின் தொடக்கநிலை ஒன்றுக்காகத்தான் அவளும் பாப்பாவும் டிசம்பரிலேயே அங்கிருந்து திரும்பி வந்தார்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நல்ல காரணம். நானும் பக்கத்து வீட்டில் அதையேதான் சொல்கிறேன். நான் எதையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

தளத்தில் காலையில் இன்னும் வரிசையாக நடக்கிறீர்களா? கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. கல், ஆணி, துணி நூல், ஒரு வாஷர். எஞ்சின் உறிஞ்சினால் போயிற்று என்பதால் தானே. நான் ஒரு நாள் ஒரு சட்டைப் பொத்தானைப் பொறுக்கினேன். யாருடையது என்று எல்லோர் சட்டையையும் பார்த்தால், என்னுடையது. சாயங்காலம் கருவிப் பெட்டியைத் திறந்து எண்ணுவோம். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தில் வெட்டிய குழி. காலியான குழி தூரத்திலிருந்தே தெரியும். ஒன்று குறைந்தாலும் எந்த விமானமும் நகராது, இரவு பத்து மணியானாலும் தேடுவோம். என் பணிக்காலம் முழுவதும் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

வீட்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

1998-ல் நான் அங்கே போனபோது உனக்கு ஆறு வயது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா உன்னோடு இங்கேயே இருந்துவிட்டாள். கிராமத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. 120 யூனிட் கார்டு வாங்கிப் போட்டால், மீதி எவ்வளவு என்று சின்னத் திரையில் எண் குறைந்துகொண்டே வரும். நீ முதலில் பேசுவாய், பிறகு அம்மா. பாட்டியின் மருந்து, வீட்டில் நடந்த சண்டை, உனக்குக் காய்ச்சல். நான் "கார்டு முடியப் போகிறது" என்பேன். திரையில் எழுபது, எண்பது இருக்கும். வைத்துவிட்டு ஏரிப்பக்கம் நடப்பேன்.

2000-ல் என் இரண்டு வருடம் முடிகிற சமயம். மேலதிகாரி அழைத்தார். இன்னும் ஒரு வருடம் இருக்க விருப்பமா, வீட்டில் கலந்து பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல் என்றார். நல்ல மனிதர், வற்புறுத்தவே இல்லை. நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே சரி என்றேன். அன்று மாலை கூண்டுக்குப் போய் அம்மாவிடம், "உத்தரவு வந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்றேன்.

வேறு பெண் இல்லை. கடன் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லிப் புரியவைக்க எளிதாக இருந்திருக்கும். அங்கே நான்கு விமானம் போனால் நான்கு திரும்பி வரவேண்டும், பெட்டியில் எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும், பிறகு பூட்டிவிட்டுப் போகலாம். இங்கே வீட்டில் எந்த நேரத்தில் பூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான். மோதிரத்தை ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு லாக்கரில் வைத்திருந்தேன். முதலில் மாலையில் எடுத்துப் போடுவேன். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு டப்பா எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

பாட்டி விஷயம் உனக்கே தெரியும். அதை நான் எழுதவில்லை.

திரும்பி வந்த அன்று குளிக்கப் போனேன். நீ குளியலறை வாசலில் நின்று, "அப்பா, சுடுதண்ணி சுவிட்ச் வெளியே இருக்கிறது, இந்தச் சிவப்பு, பத்து நிமிஷம் கழித்துக் குளிங்கள்" என்று சொல்லிக்கொடுத்தாய். விருந்தாளிக்குச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னாய். ஒன்பது வயது. நான் சரி என்றேன். இருபத்து சொச்சம் வருடமாக அந்தச் சிவப்பு சுவிட்சைப் போடும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

சென்ற மாதம் நீ போனில் ஒரு வருடம் நீட்டிப்பு என்றாய். "உத்தரவு, ஒன்றும் செய்ய முடியாது" என்றாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டாள். நீ வைத்த பிறகு அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள். நான் அவளிடம் என்றைக்கும் சொன்னதில்லை, தம்பி. யாரும் சொல்லியிருக்கவும் முடியாது.

உன் விஷயம் வேறாக இருக்கலாம். உண்மையிலேயே உத்தரவாக இருக்கலாம். உங்களுக்குள் என்ன நடந்தது, யார் மேல் தவறு என்று எனக்குத் தெரியாது. மருமகள் நல்ல பெண், நீயும் நல்ல பையன்தான். இரண்டு பேருக்கும் வாய் கொஞ்சம் குறைவு. நீ அதில் என்னைக் கொண்டிருக்கிறாய், அதற்கு உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் திட்டவேண்டும்போல் இருக்கிறது. ஐந்து வாரமாக ஒரு போன் பண்ண நேரமில்லையா உனக்கு? கோழி சுட நேரம் இருக்கிறதே?

பார்சலில் ரசப்பொடி, மீன் மசாலா, இரண்டு பாக்கெட் கருவாட்டு சம்பல் வைத்திருக்கிறோம். சம்பலை அடுக்குமாடியில் பொரிக்காதே, கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி புகார் செய்வாள். வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே. இரவில் பிஸ்கரோஸ் சாலை வேண்டாம்.

பாப்பா வியாழக்கிழமைகளில் பள்ளி முடிந்து எங்கள் வீட்டில்தான் இருப்பாள், மருமகளுக்கு அன்று வேலை முடியத் தாமதமாகிறது. அவளும் எட்டு மணிக்கு இங்கே வந்துவிடுவாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். இங்கே இரவு எட்டு என்றால் உனக்கு மதியம் ஒன்று. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு இரண்டு. காலையில் கிளம்பிய முதல் அலை விமானங்கள் இறங்கிவிட்டிருக்கும், இரண்டாம் அலைக்கு நேரம் இருக்கும், எனக்குத் தெரியாதா? போனை நான் எடுக்கமாட்டேன். அடிக்கட்டும், யார் எடுக்கிறார்களோ எடுக்கட்டும்.

பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. உனக்குக் காட்டவேண்டும் என்று தாளில் மடித்துக் கொடுத்தாள். என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ரசப்பொடி டப்பாவின் மூடி இறுக்கம். அதற்காக வேலையிடத்து ஸ்பேனரை வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதே.