நனைந்தால் சுருங்காத துணி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அக்காவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மூக்குப்பீறி அத்தை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். வழக்கம்போல உன் கல்யாணப் பேச்சைத்தான் எடுத்தார்கள், நானும் வழக்கம்போல காப்பி போட எழுந்து போய்விட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எது சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் யாரோ கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுக்கப் படி.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். நனைந்தால் சுருங்காத, கனக்காத துணி. கறுப்பு. கழுத்து மூடி, முழுக்கை, கணுக்கால் வரை. ஜிப் கூடாது. பழைய அளவுதான். அவ்வளவுதான் செய்தி. முன்பெல்லாம் ஒரு பட்டுக் கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தால்கூட, அது எந்த விரலுக்குள் ஒளியும், எந்த நேரத்தில் வெளியே வரும் என்று மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் சொல்வாய். இந்தத் தடவை எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

சரி, துணியைப் பற்றிச் சொல்கிறேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். காட்டன் ஆகவே ஆகாது, தண்ணீரைக் குடித்துவிட்டு ஆளையே கீழே இழுக்கும். வெல்வெட் அதைவிட மோசம். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது, ஆனால் உடம்போடு ஒட்டிக்கொண்டு கையைத் தூக்கவிடாது. நீச்சல் உடுப்புக்குப் போடுவார்களே, லைக்ரா கலந்த நைலான், அதுதான் சரி. இழுபடும் துணி என்பதால் சாதா ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும், முனை உருண்ட ஊசி வேண்டும். நேர்த் தையல் போட்டால் கையை மடக்கி நீட்டும்போது நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் தான் போட வேண்டும். என் பழைய மிஷினில் அது கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பருத்திக் கயிறு நனைந்தால் உப்பும், முடிச்சு இறுகிப்போகும். காய்ந்திருக்கும்போது இரண்டு விரலால் அவிழ்க்கிற முடிச்சை ஈரத்தில் பல்லால் கடித்தாலும் அவிழ்க்க முடியாது. நம் கொடிக்கயிற்றில் நீயே பார்த்திருக்கிறாய். நீ கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

டவுனில் துணிக்கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். டான்ஸ் டிரெஸ்ஸுக்கு என்றேன். எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் புத்தகங்களைப் போன வாரம் வெயிலில் போட்டு எடுத்தேன். ஒன்றையும் கரையான் தொடவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் மாமா வாங்கிவந்தவை, உன் அப்பா பென்சிலால் ஓரத்தில் அர்த்தம் எழுதியவை, எல்லாம் இருக்கின்றன. போபோவின் நாணய வித்தைப் புத்தகத்துக்கு அட்டை போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு நீ அழுத அழுகை எனக்கு மறக்காது. அமெரிக்காக்காரர் அரை டாலரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அது 30 மில்லிமீட்டருக்கும் சற்று மேலே. நம் ஒரு ரூபாய் உன் உள்ளங்கையில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, புத்தகம் பொய் சொல்கிறது என்றாய். அப்புறம் பூஜைப் பெட்டியிலிருந்து பாட்டியின் ராணி தலை வெள்ளி ரூபாயைத் திருடினாய். கிட்டத்தட்ட அதே அகலம். அது உன் கையில் நின்றது. பாட்டி உன்னைத் திட்டிய திட்டும், அதே ரூபாயை நீ அவர்கள் காதிலிருந்து எடுத்துக் காட்டியதும் வாயடைத்துப் போனதும் தெருவுக்கே தெரியும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் படத்தைப் பார்த்தே கற்றாய். படம் வித்தைக்காரன் பக்கத்திலிருந்து வரைந்ததா, பார்க்கிறவன் பக்கத்திலிருந்து வரைந்ததா என்று தெரியாமல் ஒரு வித்தையை முழுக்கவும் இடக்கையில் கற்றுக்கொண்டு, பிறகு மாற்றப் பட்ட பாடு! கண்ணாடி முன் நின்று பழகும்போது, நாணயத்தை ஒளிக்கும் அந்த நொடியில் மட்டும் கண்ணைச் சிமிட்டுவாய். உனக்கே தெரியாது. மிஷினில் உட்கார்ந்திருந்த நான்தான் பார்த்துச் சொன்னேன். கண்ணாடி முன் பழகுகிறவர்கள் பலருக்கு இது வருமாம், தன் திருட்டைத் தானே பார்க்காமல் இருக்கக் கண் மூடிக்கொள்ளுமாம். பிறகு எங்கேயோ படித்துவிட்டு நீயே வந்து சொன்னாய். இப்போது போனில் உன் கண் தெரிவதில்லை.

உன் முதல் கோட்டும் நான் தைத்ததுதான். ஹாஃப்மன் என்ற பெயரில் ஒரு வக்கீல் 1876ல் எழுதிய புத்தகத்தில் வித்தைக்காரன் உடுப்புக்கு எங்கெங்கே ரகசியப் பை வேண்டும் என்று எழுதியிருந்தது. கோட்டு வாலில் ஆழமாக ஒரு ஜோடி, தொடைக்குப் பின்னால் கை தொங்குமிடத்தில் சின்னதாக ஒரு ஜோடி. நீ படித்துச் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். எத்தனையோ கல்யாணக் கோட்டு தைத்திருக்கிறேன், அந்தக் கோட்டுக்குப் பட்ட பெருமை வேறு எதற்கும் பட்டதில்லை. கோவில் கொடையில் அதைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த செம்பிலிருந்து திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாயே, இன்றைக்கும் பால்காரர் அதைக் கேட்கிறார். தண்ணீர் வித்தை என்றால் அதுவும் தண்ணீர் வித்தைதானே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு வேட்டி நனைந்தது.

வேலையை விட்டாய், நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. எது செய்தாலும் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்.

நீ அப்போது சொன்ன கதைகள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பிரான்சில் ராபர்ட் ஹூடின் என்ற வித்தைக்காரர் கடிகார வேலை படிக்கப் புத்தகம் கேட்டதும், கடைக்காரர் தவறுதலாக வித்தைப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டதும். அவரே தன் வரலாற்றில் எழுதியது என்பாய். (உனக்கு யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. டிப்ளமோ புத்தகம் வாங்க வைத்திருந்த காசில் நீயே போய் வாங்கினாய்.) அந்த வரலாற்றைப் படித்த ஒரு பையன் அவர் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டு ஹூடினி ஆனான், பிறகு 1908ல் அதே மனிதரைத் தாக்கி ஒரு புத்தகமும் போட்டான். படித்து வளர்ந்த புத்தகத்துக்கு அந்த மரியாதை. 1902ல் வந்த சீட்டுக்கட்டுப் புத்தகம் ஒன்று, எர்ட்னேஸ் என்று பெயர் போட்டிருக்கிறது, ஆள் யார் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முகம் தெரியாதவன் எழுதியதை வேதமாக வைத்துப் படித்தாய். நான் சொன்னால் மட்டும் கேட்பதில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது ஸ்காட் கதைதான். இங்கிலாந்தில் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று பிடித்துத் தூக்கில் போட்ட காலம். சூனியம் என்று ஒன்று இல்லை என்று காட்ட ரெஜினால்டு ஸ்காட் 1584ல் புத்தகம் எழுதினார், வித்தைக்காரன் எப்படிக் கத்தியை வயிற்றில் குத்துகிறான், எப்படித் தலையை வெட்டிக் காட்டுகிறான் என்று அதில் விளக்கினார். நீ படித்த பழைய புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது, நீ சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாய். லண்டனில் ஒரு மதுக்கடையில் ஒருவன் வயிற்றில் குத்திக்கொள்ளும் வித்தையைக் காட்டினான். சட்டைக்குள்ளே காப்புக்கு ஒரு தகடு கட்டியிருக்க வேண்டும். அன்றைக்குக் குடித்திருந்தான், தகட்டை மறந்துவிட்டான். அங்கிருந்து எழுந்து போய் செயின்ட் பால் தேவாலயத்து முற்றத்தில் செத்தான். எப்படிச் செய்வது என்று விளக்க வந்த புத்தகத்திலேயே, 400 வருஷத்துக்கு முன்னாலேயே, செய்யப் போய்ச் செத்தவன் கதை இருக்கிறது. நீ குடிப்பதில்லை, தெரியும். மறதி குடிக்காதவனுக்கும் வரும். போன மாதம் கேஸ் அடுப்பை அணைக்காமல் வெளியே போனாய் என்று உன் ரூம் பையன் அக்காவிடம் சொன்னான்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான் கேட்டுத்தான் சொன்னாள். பி.எஃப். பணத்தை எடுத்துக் கண்ணாடித் தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாயாம். ஆள் உயரத்துக்கு. மூடியோடு. மொட்டைமாடி டிரம்மில் மூச்சுப் பிடித்துப் பழகும் வீடியோவையும் காட்டினாள். அதை எடுத்தது யார்? ஆள் நின்று எடுத்ததா, போனைச் சுவரில் சாய்த்து வைத்ததா? முழுக்கப் பார்த்தேன், படம் ஆடவே இல்லை.

ஹூடினி தண்ணீரில் சாகவில்லையே என்பாய். தெரியும். 1926ல் டெட்ராய்ட்டில், குடல்வால் வெடித்து, ஆஸ்பத்திரியில் செத்தார். ஆனால் 1912ல் பெர்லினில் பூட்டிய தண்ணீர்ப் பெட்டிக்குள்ளிருந்து தப்பி வரும் வித்தையைக் காட்டத் தொடங்கியதிலிருந்து, கோடாரியோடு ஓர் உதவியாள் பக்கத்திலேயே நிற்பான் என்று சொன்னவனும் நீதான். கண்ணாடியை உடைத்து வெளியே இழுக்க. உனக்குக் கோடாரி பிடிக்கப் போவது யார்?

கொல்கத்தாவில் 2019 ஜூனில் நடந்ததை நான் டிவியில் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய், என்னிடம் ஒன்றும் பேசவில்லை. சஞ்சல் லாஹிரி, மாண்ட்ரேக் என்று பெயர் வைத்துக்கொண்டவர். சங்கிலி போட்டுக் கட்டி, கிரேனில் ஹூக்ளி ஆற்றுக்குள் இறக்கினார்கள். புதியவர் இல்லை, இதைப் போல முன்பும் செய்து வெளியே வந்தவர். கரையில் அவ்வளவு கூட்டம், ஹவுரா பாலத்துக்குப் பக்கத்திலேயே, பட்டப்பகலில். உடல் மறுநாள்தான் கிடைத்தது.

தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் நான் ஏன் போவதில்லை என்று உனக்குத் தெரியும். அதை மறுபடியும் எழுதவைக்காதே.

நாணயம் எத்தனை தடவை விழுந்திருக்கும்? சீட்டு எத்தனை தடவை சிதறியிருக்கும்? குனிந்து பொறுக்கினாய், மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய், மறுபடியும் செய்தாய். நீ புத்தகத்தில் கற்றதெல்லாம் அப்படிக் கற்றதுதான். ஒரு பக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் ஒரு வித்தை முழுக்க இடக்கையில் போனது, திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. தொட்டிக்குள் இருந்துகொண்டு எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய்? பூட்டை எப்படித் திறப்பது என்று புத்தகம் சொல்லும். உன் விரல் தண்ணீரில் விறைத்துப்போனால் என்ன செய்வது என்று உன் விரலைப் பார்த்தா எழுதியிருக்கிறார்கள்? இதைச் செய்து பழகினவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழுந்து, அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். காசு வேண்டுமென்றால் என் சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது. இல்லையென்றால் வேண்டாம், விட்டுவிடு. செம்பு வித்தையே போதும். அதற்குக் கைதட்டாதவர்கள் யார்?

நான் சொல்லி நீ விடப்போவதில்லை என்றும் தெரியும். உன் அப்பா பிள்ளை.

துணி எடுத்து வைத்துவிட்டேன், வெட்டவில்லை. வெட்டினால் இப்படித்தான் தைப்பேன்: இரண்டு பக்கமும், அக்குளிலிருந்து கணுக்கால் வரை, அரிசி மூட்டை வாய் தைப்பார்களே, அந்தச் சங்கிலித் தையல். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் பிரியும். சங்கிலியில் துணி மாட்டினால் ஆள் மட்டும் வெளியே வரலாம். அந்த நுனி எது, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று இழுக்கப்போகிறவருக்கு நான் நேரில் காட்டியாக வேண்டும். உன்னிடம் சொல்லி அனுப்ப மாட்டேன். அதனால் அந்த ஆள் யார் என்று எழுது, பெயரும் போன் நம்பரும் வேண்டும். ஒருவர் போதாது, இரண்டு பேர். இரண்டு பேரும் நீந்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். நம்பர் வருகிற வரைக்கும் துணி பீரோவிலேயே இருக்கும்.

மார்புச் சுற்றளவைப் புதிதாக எடுத்து அனுப்பு. வீடியோவில் இளைத்துத் தெரிகிறாய், பழைய அளவு சரிவராது.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன், தேதியை அக்கா சொல்வாள். ஜிக்ஜாக் மிஷின் இருக்கிற தையல் கடை உன் வீட்டுப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வை, ஒரு நாளைக்கு மிஷினை வாடகைக்குத் தருவார்களா என்றும் கேள்.