அணை நிலவரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்

ஐயா,

பேட்டையில் 32 வருஷமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் பேப்பரைப் பிரித்துவிடுவேன். முதலில் அணை நிலவரம், அப்புறம் விளையாட்டுப் பக்கம். மற்றதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

டிசம்பர் 8, திங்கள்கிழமை பேப்பரில், அபுதாபியில் நடந்த 2025 ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரின் கடைசிப் பந்தயத்துக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். வெர்ஸ்டாப்பன் பந்தயத்தை வென்றார் என்று முதல் வரி. நோரிஸ் உலக சாம்பியன் ஆனார் என்று மூன்றாவது வரி. அது எப்படி என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. போட்டதில் தப்பு எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நாலு வரியால் எனக்கு ஒரு மணி நேர வேலை கெட்டது.

எதிர் டீக்கடை அண்ணாச்சி பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன வே மெக்கானிக்கு, முதல்ல வந்தவன் ஒருத்தன், கப்பு வாங்குனவன் வேற ஒருத்தனா? அச்சடிச்சவன் தப்பா அடிச்சிட்டானா?" என்றார். மலைக்கு மாலை போட்டிருந்த ஆட்டோக்கார சாமி ஒருவர், "எல்லாம் துட்டு பண்ணுத வேலை அண்ணாச்சி" என்று முடித்துவைத்தார். விரதத்தில் இருக்கிற சாமி சொன்னால் மறுபேச்சு ஏது? பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு உட்கார்ந்து, 58 சுற்றையும் மகனுடைய போனில் பார்த்தவன் நான். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோனது வேறு கதை.

பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்கை எழுதினேன். பந்தயத்தில் முதலாவது வந்தால் 25 புள்ளி, இரண்டாவதுக்கு 18, மூன்றாவதுக்கு 15, நாலாவதுக்கு 12, இப்படி இறங்கிப் பத்தாவதுக்கு 1. 2025-இல் 24 பந்தயம், எல்லாவற்றிலும் வாங்கியதைக் கூட்டிப் பார்த்துத்தான் சாம்பியன். அபுதாபிக்குப் போகும்போது நோரிஸிடம் 408, வெர்ஸ்டாப்பனிடம் 396, நோரிஸின் அணியிலேயே ஓட்டுகிற பியாஸ்ட்ரியிடம் 392. வெர்ஸ்டாப்பன் முதலாவது வந்து 421 ஆனார். பியாஸ்ட்ரி இரண்டாவது, 410. நோரிஸ் மூன்றாவது, 423. அவர் நாலாவதாக வந்திருந்தால் 420-தான், கப்பு கைமாறியிருக்கும். பின்னாலேயே லெக்லேர் ஃபெராரியில் வந்துகொண்டிருந்தார். டயர் மாற்றிவிட்டு வந்த நோரிஸை, வெர்ஸ்டாப்பனின் கூட்டாளி சுனோடா, பேட்டை ரோட்டில் மினி பஸ்காரர் மறிக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து மறித்தார். அதற்கு அவருக்கு 5 நொடி தண்டனை. அப்போது என் கையில் இருந்த டீ ஆறியே போய்விட்டது.

அண்ணாச்சி தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், கடைக் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லையா. "ரெண்டே புள்ளியா?" என்று கேட்டவர் அதற்கப்புறம் என்னை விடவில்லை. அந்த இரண்டு புள்ளி எங்கே போனது, எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்துப் பந்தயம் முடிந்தபோது, முன்னணியில் இருந்த பியாஸ்ட்ரிக்கு வெர்ஸ்டாப்பன் 104 புள்ளி பின்னால் இருந்தார். அவர் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதே பந்தயத்தில் நோரிஸின் வண்டி ஆயில் லீக்காகிப் புகையோடு நின்றது. இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆயில் கசிந்து நிற்கிற வண்டி என் கடைக்குத் தினமும் ஒன்றாவது வரும், ஆனால் அவ்வளவு விலையுள்ள வண்டிக்கும் அதே வியாதி என்று பார்த்தபோது மனசுக்குள் ஒரு சின்ன ஆறுதல். சரி, அதை விடுங்கள்.

நவம்பரில் லாஸ் வேகாஸ் பந்தயம் இதைவிடக் கொடுமை. இந்த வண்டிகளுக்கு அடியில் ஒரு பலகை பொருத்தியிருக்கும். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டினால் வேகம் கிடைக்கும், ஆனால் பலகை தேயும். பந்தயம் முடிந்ததும் அளப்பார்கள், 9 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கக் கூடாது. இரண்டாவது வந்த நோரிஸின் பலகையும், நாலாவது வந்த பியாஸ்ட்ரியின் பலகையும் அதற்குக் கீழே தேய்ந்திருந்தன. இரண்டு பேரையும் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். அளவுக்கு மேல் தேய்ந்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, நோரிஸுக்குப் போனது 18 புள்ளி. அந்த 18 கையில் இருந்திருந்தால் வெர்ஸ்டாப்பன் அபுதாபிக்கு 30 புள்ளி பின்தங்கி வந்திருப்பார், முதலாவது வந்தாலும் எட்டாது. இதைச் சொல்லும்போது கடையில் இருந்து வெர்னியரை எடுத்து வந்து, டீ கிளாஸ் விளிம்பை அளந்து காட்டினேன். சாமியும் எட்டிப் பார்த்தார்.

இது புதுசும் இல்லை. 2008-இல் பிரேசில் கடைசிப் பந்தயம், நம் நேரப்படி ராத்திரி பத்தரைக்குத் தொடங்கியது. மாஸா அவர் சொந்த ஊரிலேயே முதலாவது வந்தார், வீட்டார் குதித்துக் கொண்டாடினார்கள். ஹாமில்டன் ஐந்தாவது வந்தாலே சாம்பியன், ஆனால் கடைசிச் சுற்றில் ஆறாவதாக ஓடிக்கொண்டிருக்கிறார். மழை பிடித்துவிட்டது. முன்னால் போன க்ளாக் மழை டயருக்கு மாறாமல் காய்ந்த ரோட்டு டயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார், வண்டி வழுக்கியது. கடைசித் திருப்பத்தில் ஹாமில்டன் அவரைத் தாண்டினார். 98-க்கு 97. ஒரே ஒரு புள்ளி. மாஸாவின் குடும்பம் கொண்டாடியது சில நொடிகள்தான். நான் அன்றைக்குச் சத்தம் போட்டதில் வீட்டில் எல்லோரும் எழுந்து, கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்தார்கள். தேர் நிலைக்கு வந்து சேராமல் வடத்தை விடக் கூடாது என்று ரத வீதியில் சொல்வார்களே, அதை அந்த ராத்திரி கண்ணால் பார்த்தேன்.

கார் பந்தயம் காசுக்காரன் விளையாட்டு, திருநெல்வேலிப் பதிப்பில் இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்கலாம். பாதி நியாயம்தான், பெட்ரோல் விலை எனக்கும் தெரியும். ஆனால் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010-இல் ஓட்டியவர் சென்னை கருண் சந்தோக். இரண்டும் நம் மாநிலம். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் ஓடுகிற டிவிஎஸ் வண்டியின் பெயரில் முதல் எழுத்தே நம் திருக்குறுங்குடிதான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது, என் கடையில் வேலை பார்க்கிற பையன் இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. அப்போது நீங்களும் படம் பெரிதாகப் போட்டீர்கள், நன்றி.

பக்கம் எல்லாம் கேட்கவில்லை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைக்கு நீர் இவ்வளவு, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு என்று தினமும் ஒரு கட்டம் போடுகிறீர்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து விவசாயிகள் நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அதே மாதிரி, பந்தயம் நடந்த மறுநாள் மட்டும், முதல் ஐந்து பேரின் பெயர், பழைய புள்ளி, வாங்கிய புள்ளி, மொத்தம். இவ்வளவு போதும். 2026 வருஷப் பந்தயம் மார்ச் 8 அன்று மெல்போர்னில் தொடங்குகிறது, அதற்கு மறுநாள் திங்கள்கிழமை ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

நான் எழுதிக் கொடுத்த பில் தாளை அண்ணாச்சி வடைத் தட்டுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொல்கிறார். எண்ணெய் பட்டு இப்போது 421 சரியாகத் தெரியவில்லை, அதை 427 என்று படித்துவிட்டு நேற்று ஒருவர் மறுபடியும் சண்டைக்கு வந்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டூவீலர் மெக்கானிக், பேட்டை, திருநெல்வேலி.
(பெயரும் முகவரியும் உறையில் எழுதியிருக்கிறேன், அச்சில் வேண்டாம்.)