கிரனாடாவில் எங்களோடு பேருந்தில் வந்த பாட்டிக்கு

இரண்டே நாள் பயணமாக அம்மாவுடன் ஸ்பெயினில் இருக்கும் கிரனாடா போயிருந்தேன். அங்கே குன்றின் மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டையின் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குப் போயாக வேண்டும். எங்களுக்கு 10.30. கோமெரெஸ் சரிவில் நடந்தே ஏறிவிடலாம் என்பது என் புத்திசாலித்தனம். கொஞ்ச தூரத்திலேயே அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காய்கறி வண்டிப்பையை இழுத்துக்கொண்டு அப்போதுதான் வந்தீர்கள் பாட்டி. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்க மொழியும் இல்லை. டிக்கெட்டை வாங்கி நேரத்தைப் பார்த்தீர்கள். அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே கூட்டிப்போய், இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்தில் சி30 பேருந்தில் ஏற்றினீர்கள். மூவருக்கும் உங்கள் அட்டைதான். சரி, ஏற்றிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று பார்த்தால் கூடவே உட்கார்ந்துகொண்டீர்கள். கோட்டையின் நீதி வாசல் நிறுத்தத்தில் இறக்கியும் விட்டீர்கள். டிக்கெட் கையில் இருந்தால் அரண்மனைக்கு அதுதான் கிட்ட என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? காசு நீட்டினேன், என் கையிலேயே செல்லமாக ஒரு அடி.

10.20க்கு வரிசையில் நின்றோம். அப்புறம் சிங்க முற்றத்தில் அம்மா 12 கல் சிங்கங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

கிரனாடாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நீல வண்டிப்பை வைத்திருக்கும் அந்தப் பாட்டியிடம் ஸ்பானிஷில் சொல்லிவிடுங்கள்: அம்மாவின் முட்டி இப்போது பரவாயில்லை.