எக்ஸ் எழுத்தை மட்டும் பார்க்கும் செய்தி ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

சூரியச் சுடர் வெடித்தால் உங்கள் மேசையில் நடப்பது எனக்கு மனப்பாடம். சுடர்களின் வலுவை எழுத்தால் வகைப்படுத்துவார்கள். மிக வலுவான எக்ஸ் வகை என்றால் ‘பூமியைத் தாக்க வரும் சூரியப் புயல்’. கூடவே அதே பழைய நெருப்புருண்டைப் படம். அதற்கு அடுத்த எம் வகை என்றால் செய்தியே கிடையாது.

2015 நவம்பர் 4 அன்று வெடித்தது வெறும் எம்3.7 சுடர். அன்று பிற்பகல் சுவீடனில் விமானக் கட்டுப்பாட்டு ரேடார்கள் குழம்பி, வான்வெளியையே மூட வேண்டியதாயிற்று. விமானம் ரேடாருக்குப் பதில் சொல்லும் அலை 1,090 மெகாஹெர்ட்ஸ். அதை ஒட்டிய அலைவரிசையில்தான் சூரியனும் இரைந்தது. இது புதிதுமல்ல. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ரேடார்கள் தடுமாறியபோது பகைவர் வேலையோ என்று சந்தேகித்தார்கள், ஆராய்ந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜே.எஸ். ஹே, சூரியனைக் கைகாட்டினார்.

நீங்கள் பார்க்கும் எழுத்து, சூடேறிய வாயு உமிழும் எக்ஸ் கதிரின் அளவு. அவ்வளவுதான். முறுக்கேறிய காந்தப் புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும்போது எலக்ட்ரான்கள் உந்தித் தள்ளப்படுகின்றன. சில, காந்த வளையங்களில் சிக்கிச் சுழன்று மைக்ரோவேவ் அலையை உமிழ்கின்றன. சில, ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்குவரை எட்டி வெளியே பாய்ந்து, வழியிலுள்ள பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றத் துகள்களாலான வாயுவை, அதிரவைக்கின்றன. அந்த அதிர்வு ஒத்திசைந்து எழுவதால், சிறிய வெடிப்புகூடப் பெரும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பலாம். இதற்கு எக்ஸ், எம் கணக்கில் இடமில்லை.

இன்னொன்று, ‘தாக்க வரும்’ என்ற சொல். ரேடியோ அலை ஒளியோடு சேர்ந்து எட்டே நிமிடங்களில் வந்துவிடும். நீங்கள் தலைப்பு வைக்கும் நேரத்தில் அது முடிந்த கதை. ஓரிரு நாள் கழித்து வருவது பிளாஸ்மா மேகம். எல்லாச் சுடரும் அதை வீசுவதில்லை, வீசினாலும் அது நம் பக்கம் வர வேண்டுமே!

அடுத்த முறை கர்நாடகத்தின் கௌரிபிதனூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ரேடியோ ஆய்வகத்தில் ஒரு படம் கேட்டுப் பாருங்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண். நடுவே நகத்தால் கீறியதுபோல் ஒரு சாய்கோடு, சில விநாடிகளில் மேலிருந்து கீழே இறங்கும். எலக்ட்ரான்கள் சூரியனை விட்டு மேலேறுகின்றன, பிளாஸ்மாவின் அடர்த்தி குறையக் குறைய அதிர்வெண்ணும் இறங்குகிறது.

நெருப்புருண்டைக்குப் பதில் அந்தக் கீறலைப் போடுங்கள். கீழே நான்கு வரி விளக்கம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்