கடைசி வாரம் வீணாகும் வாரமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடங்கள் முடிந்த பின் கல்வியாண்டின் கடைசி வாரத்தைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் விளையாட்டில் வீணடிப்பதாகத் தங்கள் இதழின் சென்ற வாரத் தலையங்கம் வருந்தியிருந்தது. நெடுங்காலமாகத் தங்கள் இதழை வாசித்து வரும் ஆசிரியை என்ற முறையில், அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

1989ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையென்றே சொல்கிறது. தாங்கள் இதனை அறியாதவர் அல்லர். உரிமை என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்த வாரத்தில் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரேனும் வந்து பார்த்தார்களா?

ஒன்பது கட்டங்கள் வரைந்த தாளை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுப்பேன். சீட்டியடிக்கத் தெரிந்தவர், தம்பியோ தங்கையோ உள்ளவர், இருட்டுக்கு அஞ்சாதவர் எனக் கட்டத்துக்கு ஒரு குறிப்பு இருக்கும். பொருத்தமானவரைத் தேடிப்பிடித்துப் பெயர் எழுத வேண்டும். ஒருவர் பெயரை ஒருமுறைதான் எழுதலாம் என்பதால், ஆண்டு முழுவதும் பக்கத்து இருக்கையைத் தாண்டிப் பேசாத பிள்ளையும் மற்றவர்களிடம் போய்த்தான் ஆக வேண்டும். இன்னொரு விளையாட்டில், வாய் திறக்காமல் பிறந்தநாள் வரிசைப்படி அனைவரும் நிற்க வேண்டும். வகுப்பில் குரலே எழுப்பாத ஒரு சிறுமி, விரல்களால் மாதத்தையும் தேதியையும் காட்டி மொத்த வகுப்பையும் வரிசையில் நிறுத்தியதைக் கண்டேன். அதற்குப் பிறகு உணவு இடைவேளையில் அவள் தனியாக அமர்ந்ததில்லை. எந்தப் பாடவேளையும் அவளுக்கு இதைச் செய்து தரவில்லை.

தங்கள் சிறுவர் இணைப்பின் மீதும் எனக்குப் பழைய மனக்குறை உண்டு. ஆண்டிறுதிக் கொண்டாட்டத்துக்கென்று அது பரிந்துரைப்பது எப்போதும் இசை நாற்காலிதான். அதில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் தயங்கி நிற்கும் பிள்ளை. விளையாட்டு யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளையே சுவரோரம் அமர்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு, யாரையும் வெளியேற்றாமல், எஞ்சிய நாற்காலிகளில் எல்லோரும் நெருக்கியடித்து இடம்பிடிக்கும்படி ஆடலாம் என்று முன்பே எழுதியிருந்தேன். அக்கடிதம் வெளிவரவில்லை, மறு ஆண்டும் பழைய விதிகளே அச்சாயின. முதல் மதிப்பெண் பெற்றவர்களின் படங்களுக்கு ஆண்டுதோறும் முழுப் பக்கங்களை ஒதுக்கும் தங்களுக்கு, இதற்கு நான்கு வரி இடமில்லாமற்போனது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கல்வியாண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக, யாரையும் வெளியேற்றாத விளையாட்டுகள் இரண்டினை விதிமுறைகளோடு சிறுவர் இணைப்பில் கால் பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்